குலுக்கலில் விழுந்த ஏரி

காட்டுக்குள் போய் ஓர் இரவு படுத்துவிட்டு வர லாட்டரியில் பெயர் விழவேண்டும் என்று பொள்ளாச்சியில் இருக்கும் என் அண்ணனிடம் சொன்னபோது, போனில் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. பிறகு, "விழுகாட்டி?" என்றார். "வீட்டிலேயே படுத்துக்க வேண்டியதுதான்" என்றேன். "அதை இப்பவே பண்ணலாமே" என்றார். தென்னந்தோப்புக்காரர். காட்டில் படுப்பது என்றால் காவலுக்குப் படுப்பது என்றுதான் அவருக்கு அர்த்தம்.

இடம் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், 2,100 மீட்டருக்கு மேலே கருங்கல் படுகை ஒன்று இருக்கிறது. பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன குழிகளெல்லாம் ஏரிகள். ஒன்று வழிந்து அடுத்ததில் விழும். என்சான்ட்மென்ட்ஸ் என்று பெயர். ரோடு கிடையாது. எந்தப் பக்கமிருந்து போனாலும் காட்டு வழியாக ஏறித்தான் ஆகவேண்டும். மே 15 முதல் அக்டோபர் 31 வரை அங்கே இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பிப்ரவரி 15க்கும் மார்ச் 1க்கும் இடையில் போடவேண்டும். கட்டணம் 6 டாலர். விழாவிட்டால் திரும்ப வராது. பல்லாயிரம் பேர் போடுகிறார்கள். நானும் பிப்ரவரிதோறும் கோயில் உண்டியலில் போடுவதுபோலப் போட்டுவிட்டு, மார்ச்சில் வரும் வருத்தக் கடிதத்தைப் படிக்காமலே அழித்துவந்தேன்.

அண்ணன் மகன் மேற்படிப்புக்காக சியாட்டில் வந்தான். டென்ட் என்பதைத் தேர்தல் பூத்துக்கு வெளியே மட்டும் பார்த்தவன். "ஆறு டாலர்தானே, நீயும் ஒண்ணு போட்டு வை" என்று என் மனைவி சொல்ல, போட்டான். விழுந்தது. அதுவும் படுகையின் நடுப்பகுதி. அதுவும் செப்டம்பர் கடைசி வாரம், லார்ச் மரங்கள் பொன்னிறமாகும் நாட்கள். எல்லோரும் உயிரை விட்டுக் கேட்கும் வாரம் அது. லார்ச் ஊசியிலை மரம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மஞ்சளாகி இலையைக் கொட்டிவிடும். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. "ஏனுங்க சித்தப்பா, அங்க ஏசி பஸ் போகுதுங்களா?" என்று கேட்டான்.

நான் முதலில் அங்கே போனது 1990களின் கடைசியில். நாங்கள் நான்கு பேர். எல்லோரும் எச்-1பி விசாக்காரர்கள். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் அதை 1900 என்று நினைத்துக்கொண்டுவிடாமல் தடுப்பதற்காக இறக்குமதி செய்யப்பட்டவர்கள். மதுரைக்காரன் ஒருவன், சேலத்துக்காரன் ஒருவன், பேசாத ஒரு நெல்லூர்க்காரர், நான். அனுமதிச் சீட்டு அப்போதும் வேண்டும். முன்கூட்டித் தபாலில் எழுதிப்போடலாம். மிச்சம் வைத்திருக்கும் கொஞ்ச இடத்துக்கு அன்றன்று காலையில் லெவன்வொர்த் ஊர் ரேஞ்சர் அலுவலகத்தில் குலுக்கல் நடக்கும். வாசலில் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். குலுக்கலுக்கு வந்திருந்த மற்றவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். பெயர் விழுந்தது. ரேஞ்சர் அம்மா எங்கள் ஜீன்ஸ் பேன்ட்டையும் குரங்குக் குல்லாவையும் பார்த்தார். வயதான ஆசிரியர்களுக்கே உரிய பொறுமையோடு, "பருத்தி நனைந்தால் காயாது" என்று மட்டும் சொன்னார்.

பைகள் வாடகைக்கு எடுத்தவை. அலுமினியச் சட்டம் வெளியே தெரியும் அந்தக் காலத்துப் பைகள், நடந்தால் கிறீச்சிடும். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ இருக்கும் என்று நினைக்கிறேன். எடை போட்டுப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. சேலத்துக்காரன் பையில் பிரஷர் குக்கர் இருந்தது. மூன்று லிட்டர். இதைக் கேட்டுச் சிரிக்காத அமெரிக்கரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வெந்துகொண்டே இருக்கும், வேகாது. இமயமலைக்குப் போகும் இந்தியக் குழுக்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவது அதனால்தான். சேலத்துக்காரனுக்கு இந்த விஞ்ஞானம் தெரியுமா என்று கேட்டால் தெரியாது. குக்கர் இல்லாமல் சோறு ஆகும் என்பதே அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தமுறை ஏற்பாடெல்லாம் என் மகள். சியாட்டிலில் பிறந்தவள்; மலையேற்றத்தை ஒரு தணிக்கையாளரின் கண்டிப்போடு செய்கிறவள். சமையலறைத் தராசு கூடத்துக்கு வந்தது. சாமான் ஒவ்வொன்றும் கிராம் கணக்கில் கணினியில் ஏறியது. டூத் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தாள். டைட்டானியம் ஸ்பூன். இறகு அடைத்த கோட்டு, ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கும். "மொத்தம் ஆறு கிலோ, அப்பா. சாப்பாடு, தண்ணி சேர்க்காம" என்றாள். சாப்பாட்டைச் சேர்க்காமல் மூட்டையின் எடையைச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். அந்த ஆறு கிலோவில் பாட்டரி, பாட்டரிக்குப் பாட்டரி, செயற்கைக்கோள் கருவி, போன்கள் எல்லாம் அடக்கம். ஊசியும் நூலும் மட்டும் அதிக எடை என்று வெளியே வைக்கப்பட்டன.

அண்ணன் மகன் பையில் அண்ணி கொடுத்தனுப்பிய பொட்டலம் இருந்தது. பருப்புப் பொடி, தேங்காய் பர்பி, வறுத்த நிலக்கடலை. மகள் தராசில் வைக்கப் போனாள்.

"வேண்டாம் பாப்பா. அம்மா குடுத்ததை எடை போடக் கூடாது."

"அண்ணா, ஒண்ணே முக்கால் கிலோ இருக்கும்."

"இருக்கட்டும். நான்தான தூக்கறேன்."

லெவன்வொர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரயிலும் மரம் அறுக்கும் ஆலையும் இருந்த ஊர். ரயில் பாதை வேறு வழியாகத் திரும்பியது, ஆலையும் போனது, கடைகள் பூட்டிக் கிடந்தன. 1960களில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, இனி நாம் ஜெர்மனியின் பவேரியா என்று முடிவுசெய்தார்கள். கடை முகப்பையெல்லாம் ஆல்ப்ஸ் கிராமம் மாதிரி மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டது. இயற்கையைத் தேடிப் போகிறவன் முதலில் ஒரு நாடக மேடையைக் கடந்துதான் போகவேண்டும் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு; போலியைப் பார்த்துக்கொண்டு போனால் மேலே இருப்பது இன்னும் அசலாகத் தெரியும்.

காட்டுப் பாதை தொடங்கும் இடத்துக்கு அன்று போனபோது காரை நிழலில் விட மரம் தேடினோம். இன்று காரை விடவே இடமில்லை. மண் ரோட்டோரமாக வரிசை நீண்டுகொண்டே போகிறது. காரணம் இதுதான்: இரவு தங்கத்தான் குலுக்கல், பகலில் நடக்கக் குலுக்கல் கிடையாது. பெட்டியில் இருக்கும் இலவசச் சீட்டை எழுதிப்போட்டால் போதும். ஆகவே சீட்டு விழாதவர்கள் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் சுமார் 30 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்துவிடுகிறார்கள். விடியாத நேரத்திலேயே நெற்றி விளக்குகளோடு கிளம்பிவிடுகிறார்கள். சிலர் ஓடுகிறார்கள். அரை டவுசர், மார்பில் இரண்டு சின்னத் தண்ணீர்க் குப்பிகள், "இடது பக்கம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல், திரும்புவதற்குள் முதுகுதான் தெரியும். ஏரியில் தங்க வருபவர்களைக் கட்டுப்படுத்தினால், தங்காமல் வருபவர்கள் பெருகுகிறார்கள். இதை எந்த அதிகாரியின் குற்றமாகவும் நான் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்துக்கு அழைப்பிதழ் கேட்டால் மொய் எழுதிவிட்டு வாசலோடு போகிறவர்களை யார் என்ன செய்ய முடியும்?

காடு அப்படியே இருக்கிறது. டக்ளஸ் ஃபர், ஸ்ப்ரூஸ், கீழே ஈரமான பாசி, ஓடைமேல் போட்ட மரக்கட்டைப் பாலம். அதைத் தாண்டியதும் பாதை வேர்களும் பாறைகளுமாகச் செங்குத்தாகிறது. அண்ணன் மகன் முதல் ஏற்றத்திலேயே பர்பியைத் திறந்துவிட்டான். சுமையைக் குறைக்கிறானாம்.

கோல்சக் ஏரியை முதன்முதலில் பார்க்கிற யாரும் கொஞ்சம் நின்றுவிடுவார்கள். அதன் நிறம் அப்படி: பனியாறு பாறையை அரைத்துவிடும் மாவு தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வரும் நீலப்பச்சை. அன்று நாங்கள் நின்றோம், மதுரைக்காரன் காலை நனைத்தான், அலறினான், நடந்தோம். இன்று ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்கு முன்னால் வரிசை. ஒவ்வொருவராகப் போய், முதுகைக் காட்டி நின்று, தனியாக இருப்பதுபோலப் படமெடுத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிடுகிறார்கள். வரிசை மிக ஒழுங்காக நகர்ந்தது. நாங்களும் நின்றோம். என் படம் நன்றாகவே வந்திருக்கிறது.

படத்தைக் குறைசொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இந்த மலைகளை வனப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் மசோதா 1976இல் அதிபர் ஃபோர்டின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். வாஷிங்டன் மாநில ஆளுநர் டேன் எவன்ஸ் தாமே மலை ஏறுகிறவர். இந்த ஏரிகளின் படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே வெள்ளை மாளிகைக்குப் போனார். ஃபோர்டு பக்கங்களைப் புரட்டினார், கையெழுத்திட்டார் என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். படம்தான் காப்பாற்றியது. கூட்டம் சேர்த்ததும் அதுதான்.

மதுரைக்காரன் இப்போது டெக்சாஸில் இருக்கிறான். சீட்டு விழுந்த செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது அரை மணி நேரம் பேசினான். "நாம போனப்ப ஒரு ஈ காக்கா இல்லடா! அந்த மலை பூரா நாம நாலு பேரு. இப்பப் போயி என்னத்தப் பாக்கப் போற?" என்றான். இதை அவன் எல்லா விருந்துகளிலும் சொல்வான். எங்களிடம் அப்போது ஸ்லைடு ஃபிலிம் இருந்தது. ஒரு சுருளுக்கு 36 படம், ஒவ்வொரு படத்துக்கும் நான்கு பேரின் ஒப்புதல் வேண்டும். போன குளிர்காலத்தில் மகள் அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றினாள். ஒரு படத்தைப் பெரிதாக்கி என்னைக் கூப்பிட்டாள். மதுரைக்காரன் ஒரு பாறைமேல் கையைக் கட்டிக்கொண்டு, மனிதனே மிதிக்காத பூமியைப் பார்க்கும் முகத்தோடு நிற்கிறான். பின்னால் லார்ச் மரங்களுக்கிடையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டென்ட், நீலத்தில் ஒரு டென்ட், கயிற்றில் யாரோ உலர்த்திய காலுறைகள். அனுமதிச் சீட்டு முறையே 1980களின் பிற்பகுதியில் கூட்டம் தாங்காமல் வந்ததுதானே. ஈ காக்கா இல்லாத இடத்துக்கு யார் குலுக்கல் நடத்துவார்கள்? படத்தை மதுரைக்காரனுக்கு அனுப்பினேன். "அது வேற இடம்" என்று பதில் வந்தது.

கோல்சக் ஏரிக்கு மேலே ஆஸ்கார்ட் கணவாய். ஒன்றேகால் கிலோமீட்டருக்குள் 650 மீட்டருக்கு மேல் ஏற்றம். பாதை என்று ஒன்றும் கிடையாது, சரிந்து கிடக்கும் கற்களும் யாரோ அடுக்கிவைத்த சின்னச் சின்னக் கற்குவியல் அடையாளங்களும்தான். கோடையின் தொடக்கத்தில் இங்கே பனிமேல் சறுக்கி, கீழே ஓடும் ஓடைக்குள் விழுந்து இறந்தவர்கள் உண்டு. செப்டம்பரில் வெறும் கல். அன்று இந்த ஏற்றத்தில் நாங்கள் பேசாமல் நடந்தோம், குக்கரின் மூடி மட்டும் பேசிக்கொண்டே வந்தது. இன்று என் முழங்கால் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மகள் மேலே போய் நின்று, இதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, நாசூக்காகக் காட்சியை ரசிக்கத் தொடங்கினாள்.

கணவாய் சுமார் 2,380 மீட்டர். அதைத் தாண்டியதும் பூமி சட்டென்று திறந்துகொள்கிறது. வெளிறிய கருங்கல், அதன் பள்ளங்களில் ஏரிகள், புல் திட்டுகள், தூரத்தில் ப்ரூசிக் சிகரத்தின் கூர். ஃப்ரெட் பெக்கி என்ற மலையேறி 1948இல் ஒரு கூட்டாளியோடு அதன்மேல் முதலில் ஏறியபோது கயிற்றில் போட்ட முடிச்சின் பெயர்தான் அந்தச் சிகரத்துக்கு. பெக்கி தொண்ணூறு தாண்டியும் மலைகளைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு 2017இல் காலமானார்.

ஏரிகளின் பெயர்களுக்கு ஒரு தனிப் பஞ்சாயத்து உண்டு. வெனாச்சி வனப்பகுதிக்கு முதல் கண்காணிப்பாளராக வந்த சில்வெஸ்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலைகளுக்கும் ஓடைகளுக்கும் பெயர் வைத்தவர். என்சான்ட்மென்ட் என்பதும் அவர் வைத்ததுதான். பிறகு 1959இலிருந்து பில் ஸ்டார்க், பெக் ஸ்டார்க் என்ற கணவன் மனைவி இங்கே வரத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் வந்து, ஒவ்வொரு குட்டைக்கும் ஸ்காண்டிநேவியப் புராணத்திலிருந்தும் ஆர்தர் மன்னர் கதையிலிருந்தும் பெயர் சூட்டினார்கள். பிரின்ஹில்ட், ரூன், விவியன். அரசாங்க வரைபடக்காரர்கள் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள்; சிலவற்றை வெட்டிவிட்டுப் பர்ஃபெக்‌ஷன், இன்ஸ்பிரேஷன் என்று நிறுவன ஆண்டறிக்கைப் பெயர்களை வைத்தார்கள். அன்று நாங்கள் விரித்துப் பார்த்த கிரீன் டிரெயில்ஸ் காகித வரைபடத்தை மடிக்க முடியாமல் கடைசியில் சுருட்டிக்கொண்டு நடந்தோம். ஆனால் அதைப் பார்த்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்பதோடு எங்கே இல்லை என்பதும் தெரியும். இப்போது போன் திரையில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி இருக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

இரவு தங்கும் இடத்துக்கு வந்ததும் ஆடுகள் வந்தன. வெள்ளை ரோமம், கறுத்த கொம்பு, அலுவலக மேலாளர்களின் நடை. இந்த மலையாடுகளுக்கு உப்பு கிடைப்பதில்லை. மனிதச் சிறுநீரில் உப்பு இருக்கிறது. எனவே யார் எழுந்து எங்கே போனாலும் மரியாதையான தூரத்தில் ஓர் ஆடு பின்தொடரும். செடிமேல் போனால் உப்புக்காக மண்ணையே தோண்டிச் செடியை அழித்துவிடும் என்பதால், வெறும் பாறைமேல்தான் போகவேண்டும் என்று வனத்துறையே எழுதிவைத்திருக்கிறது. மற்ற காரியத்துக்கு அங்கங்கே மரப்பெட்டிக் கழிப்பறைகள். சுவரும் கூரையும் கிடையாது, மலைக்காட்சி உண்டு. அண்ணன் மகன் இரவு முழுக்க எழவில்லை. காலையில் அவன் முகத்தைப் பார்த்து மகள் கேட்டதற்கு, "வெளிய ரெண்டு பேர் நிக்கறாங்க பாப்பா" என்றான்.

அன்று இதே ஆடுகளின் பாட்டன்மாரை விரட்டியது சேலத்துக்காரனின் குக்கர். முதல் விசிலுக்கு அவை தலையைத் தூக்கின. இரண்டாவதற்கு நடந்தன. மூன்றாவது விசில் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பிவந்தபோது, இருந்த ஆடுகளும், அந்த ஆரஞ்சு டென்ட்டிலிருந்து எட்டிப்பார்த்த ஒரு தாடிக்காரரும், ஒரே திசையில் பார்த்தார்கள். தாடிக்காரர் பிறகு கிண்ணத்தோடு வந்தார். புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்த சோறும் நார்த்தங்காயும் வாங்கிப் போனார். இந்தமுறை வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருக்கும் உறைஉலர் பொட்டலங்கள். மேலே "தாய்லாந்துக் கறி" என்று போட்டிருந்தது. நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அண்ணன் மகனைப் பார்த்தேன். அவன் எதுவும் சொல்லாமல் பருப்புப் பொடியை நீட்டினான். மகளும் கை நீட்டினாள். எடை பற்றி யாரும் பேசவில்லை.

அன்று நான் கிளம்பும்போது மனைவியிடம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்தது: ஞாயிறு இரவு பத்து மணிக்குள் போன் வராவிட்டால் ஷெரீஃபைக் கூப்பிடு. நடுவில் இருந்த நேரம் முழுக்க நாங்கள் உலகத்துக்கு இல்லை. இப்போது மகளின் தோளில் தொங்கிய கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அது என் மனைவியின் கணினியில் ஒரு புள்ளியாக விழ, அவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, பொள்ளாச்சியில் அண்ணி காலைக் காபியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரூசிக் சிகரம் சிவந்துகொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது: "அண்ணி கேக்கறாங்க, மூணு மணி நேரமா ஏன் ஒரே இடத்துல நிக்கறீங்க?" பதில் அனுப்பினோம். அடுத்தது வந்தது: "சாப்டானா?"

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. மேல்படுகையில், ஏரிகளுக்குத் தெற்கே இருந்த ஸ்னோ க்ரீக் பனியாறு எங்கள் ஸ்லைடில் வெள்ளையாகக் கிடக்கிறது. அப்போதே அது பழைய அளவில் இல்லை, துண்டுகளாகிவிட்டிருந்தது. இன்று அதே இடத்தில் நின்று, படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், வெள்ளை இருந்த இடமெல்லாம் பழுப்புக் கல். சில திட்டுகள் மிச்சம். கோல்சக் ஏரிக்கு நிறம் கொடுக்கும் பனியாறும் ஒடுங்கிவிட்டது. மகள் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு போனை அணைத்தாள். "ஆகஸ்ட்ல வந்திருந்தா புகையில இதுகூடத் தெரிஞ்சிருக்காது" என்றாள். காட்டுத்தீ அன்றும் இருந்தது. 1994இல் லெவன்வொர்த்தைச் சுற்றி எரிந்த தீயின் கரிந்த மரங்களுக்கு நடுவேதான் நாங்கள் அப்போது கீழே இறங்கினோம். அதை ஒரு முறை நடந்துவிட்ட விபத்து என்றுதான் அப்போது பேசிக்கொண்டார்கள்.

இறங்குவது மறுபக்கம், ஸ்னோ ஏரிகள் வழியாக. கணவாயிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,000 மீட்டர் இறக்கம். முழங்கால்காரர்கள் இதைப் பற்றி எழுத மாட்டார்கள்.

மேல் ஸ்னோ ஏரிக்கும் கீழ் ஸ்னோ ஏரிக்கும் நடுவே பாதை ஒரு தாழ்ந்த சுவரின்மேல் போகிறது. தண்ணீர் நிறைந்தால் சுவரைத் தழுவி வழியும். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டும். அன்று நாங்கள் கடந்தபோது மதுரைக்காரன், "இயற்கையே பாலம் கட்டி வச்சிருக்கு பாரு" என்றான். நெல்லூர்க்காரர் அந்தப் பயணத்திலேயே முதல் முறையாக வாயைத் திறந்து, "சிமென்ட்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

இன்று அண்ணன் மகன் அந்தச் சுவரின் நடுவில் நின்றுவிட்டான். படுகையின் அழகையெல்லாம் "நல்லாருக்குங்க சித்தப்பா" என்று ஒரு வார்த்தையில் முடித்தவன், குனிந்து சுவரைத் தடவினான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். "இது டேம்ங்க" என்றான். "மதகு எங்க?"

மதகு கீழே இருந்தது. அடுத்து வரும் நாடா ஏரிக்கு மேலே மலைச்சரிவில் பாறையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. மேல் ஏரியின் அடியில் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டு, முனையில் வால்வு வைத்திருக்கிறார்கள். 1930களில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணையைக் கட்டத் தொடங்கினார்கள். சால்மன் மீன்கள் மேலே போய் முட்டையிட வழியில்லாமல் போயிற்று. அதற்கு ஈடாக லெவன்வொர்த்தில் அரசாங்கம் மீன் பண்ணை ஒன்றை வைத்தது. கோடையில் ஐசிக்கிள் ஓடை வற்றிச் சூடேறும்போது பண்ணைக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏரி. இது ஒன்றுதானா என்றால், எல்லோரும் படமெடுக்கும் கோல்சக் ஏரியின் வாயிலும் சின்ன அணை இருக்கிறது. அது பாசனத்துக்கு. கீழே பள்ளத்தாக்கில் பேரிக்காய், ஆப்பிள் தோட்டங்களுக்கு நீர் கொடுக்கும் பாசன மாவட்டங்களுக்கு அந்த ஏரிகளில் பழைய உரிமை உண்டு. வனப் பாதுகாப்புச் சட்டம் பிறப்பதற்கு முன்பே வாங்கிய உரிமை. சைக்கிள்கூட நுழையக் கூடாத காட்டில் அணை நுழைந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். அதற்கும் முந்திய உரிமை ஒன்று இருந்தது. வெனாச்சி ஆற்றோடு ஐசிக்கிள் ஓடை கலக்கும் இடம் வெனாச்சி மக்களின் மீன்பிடி துறை. 1855 ஒப்பந்தத்தில் அந்த இடத்தை அவர்களுக்கென்று ஒதுக்குவதாக எழுதினார்கள். ஒதுக்கவில்லை.

மகள் இதையெல்லாம் கேட்டுச் சோர்ந்துபோனாள். இந்த இடத்தைத் தொடப்படாத காடு என்று நினைத்துத்தான் அவள் டூத் பிரஷ்ஷை அறுத்திருந்தாள். அண்ணன் மகனுக்கோ அங்கிருந்துதான் பயணமே தொடங்கியது. அவன் பிறந்தது பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்கால் கரையில். நாலு மண்டலத்துக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் கணக்கு அவன் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு. வால்வைப் பார்த்து எத்தனை கன அடி வரும் என்று உத்தேசம் போட்டான். ஏரியின் கரையில் தண்ணீர் இறங்கிய கோட்டைக் காட்டி, "இந்த வருஷம் நல்லா எடுத்திருக்காங்க" என்றான். போனை எடுத்து, நான்கு நாட்களில் முதல் முறையாக, வரிசையில் நிற்காமல் படமெடுத்தான். வால்வை.

கீழே வந்ததும் அவன் கேட்டபடி மீன் பண்ணைக்குப் போனோம். தொட்டிகளைப் பார்த்தோம், தண்ணீரில் கை வைத்துப் பார்த்தான். பிறகு பெஷாஸ்டின் பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு பழக்கடை. பார்ட்லெட் பேரிக்காய் மரப்பெட்டிகளில் அடுக்கியிருந்தது. கடைக்காரர் எழுபது வயதுத் தோட்டக்காரர். எங்கள் பைகளைப் பார்த்து, மேலே லார்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் பழத்தை எடை போட்டார். வருகிற எல்லோரிடமும் கேட்பார் போலிருக்கிறது. அண்ணன் மகன் பேரிக்காயைக் கடித்துக்கொண்டே, தன் ஆங்கிலத்தில், ஏரித் தண்ணீர் இந்தத் தோட்டத்துக்கு வருகிறதா என்று கேட்டான்.

"வாய்க்கால் பின்னால்தான் போகுது" என்றார் கிழவர்.

"கடைமடை வரைக்கும் போய்ச் சேருதுங்களா?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் எடைபோட்ட பையை நீட்டாமல் அவனையே பார்த்தார்.

"மேல் தோட்டக்காரன் ராத்திரியில் கதவைத் தூக்கிவிட்டுக்கிறானா என்று கேட்கிறான்" என்றேன்.

கிழவர் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்து அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்து வந்தார்.